பன்னிரண்டு தையலும் இரண்டு பொட்டும்

சித்தப்பாவின் இடது முட்டியில் ஒரு தழும்பு இருக்கிறது. முட்டிச் சில்லுக்கு உட்பக்கமாகத் தொடங்கி நாலு விரற்கடை கீழே இறங்கும். இருபுறமும் தையல் போட்ட புள்ளிகள். அவர் வேட்டியை மடித்துக் கட்டித் திண்ணையில் உட்கார்ந்தால், பொடியன்களாக இருந்த நாங்கள் அதைப் பூரான் என்போம். அதன் கால்களை எண்ணுவோம். பன்னிரண்டு தையல்.

அவர் மகளுக்கும் இடது முட்டியில்தான் அறுவை சிகிச்சை. சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொட்டு. சாந்துப் பொட்டு அளவுதான். முட்டிக்குச் சற்றுக் கீழே உட்புறத்தில் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கோடு ஒன்று. அவ்வளவே. வெயிலில் கறுத்த காலில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இருவருக்கும் அடிபட்டது கபடியில். இருவருக்கும் கிழிந்தது ஏறக்குறைய ஒரே இடம். இரண்டுக்கும் நடுவில் 37 வருடம்.

1986 பொங்கலுக்கு மேற்குத் தாம்பரத்தில் நடந்த போட்டி அது. சித்தப்பாவுக்கு அப்போது 26 வயது. பல்லாவரத்தில் தோல் ஷாப்பில் வேலை. பாடிப் போவதில் கெட்டிக்காரர். செம்மண் தரை, வெறுங்கால். எதிரணிக்காரர் குதிகாலைப் பிடித்துவிட்டார். இவர் உடம்பைத் திருப்பிக் கோட்டைத் தொடப் பார்த்தார். பாதம் மண்ணில் நின்றது, தொடை திரும்பியது.

"டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சுடா. காய்ஞ்ச குச்சி ஒடிஞ்ச மாதிரி. வலிகூட அப்புறம்தான் வந்துச்சு" என்று இன்றும் சொல்வார். மகளும் அதே 'டப்'பைத்தான் சொன்னாள். முன் சிலுவை ஜவ்வு அறுந்தவர்களில் பலர் சொல்வது அந்தச் சத்தத்தைத்தான்.

நம் பக்கம் முட்டிக்குள் இருப்பதெல்லாம் 'ஜவ்வு'. உண்மையில் அங்கே இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் கயிறுபோல் இழுத்துப் பிடிக்கும் தசைநார். நடுவில் குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவைபோல் இரண்டு உண்டு. இன்னொன்று, இரண்டு எலும்புக்கும் இடையில் மெத்தைபோல் உட்கார்ந்திருக்கும் பிறை வடிவக் குருத்து. மெனிஸ்கஸ் என்பது அதுதான். கயிறு அறுந்தால் முட்டி நழுவும். மெத்தை கிழிந்தால் முட்டி பூட்டிக்கொள்ளும். சித்தப்பாவுக்கு இரண்டும் போயிருந்தன. குருத்து கிழிந்தது அவருக்குத் தெரியவே ஒன்றரை வருடம் ஆனது.

முதலில் கட்டு வைத்தியரிடம் போனார்கள். அன்று எங்கள் பகுதியில் அடிபட்டால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆந்திராவின் புத்தூரில் 1881 முதல் ஒரு குடும்பம் எலும்புக் கட்டு கட்டிவருகிறது; அந்த ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதிய கடைகளைத் தாம்பரம், வேளச்சேரி சாலைகளில் இன்றும் பார்க்கலாம். சித்தப்பாவுக்குக் கட்டுப் போட்டவர் பக்கத்து ஊர்க்காரர். எண்ணெய் தேய்த்து நீவி, பச்சிலையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசி, மூங்கில் பட்டை வைத்து இறுகக் கட்டினார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. சரியாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

நம்பியதில் தவறில்லை. எலும்பு முறிந்தால் முறிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அதன்மேல் புது எலும்பு வளரும். அசையாமல் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வின் கதை வேறு. அது மூட்டு நீரில் மிதக்கிறது. ரத்தம் உறைந்து ஒட்டுவதற்குள் நீர் அதைக் கரைத்துவிடும். பிறைக் குருத்துக்கோ வெளி விளிம்பில் மட்டும்தான் ரத்த ஓட்டம். உள்பகுதி கிழிந்தால் தானாகச் சேர வழியே இல்லை. எந்தப் பச்சிலையும் அங்கே போய்ச் சேராது. வீக்கம் வடிந்ததை ஆறியதாக எடுத்துக்கொள்வதுதான் அன்றும் இன்றும் நடக்கும் பெரிய பிழை.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஆடப் போனார். இரண்டாவது பாடலிலேயே முட்டி நழுவி விழுந்தார். பிறகு மாடிப்படி இறங்கும்போது நழுவியது. ஒருநாள் தாம்பரத்தில் மின்ரயிலிலிருந்து இறங்கக் காலை மடக்கினார், நீட்ட முடியவில்லை. கிழிந்த குருத்து புரண்டு எலும்புகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து காலை இப்படியும் அப்படியும் ஆட்டி, ஒரு 'கிளிக்' கேட்டதும் எழுந்து வீட்டுக்கு வந்தார். இப்படி எத்தனையோ முறை. அந்த உத்தியை அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார்.

1987-இல் நகரத்துக்குள் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனார்கள். தாம்பரத்துக்கு 1931-இலேயே மின்ரயில் வந்துவிட்டது. அந்த மீட்டர் கேஜ் வண்டிதான் எங்கள் புறநகருக்கு ஆம்புலன்ஸ் மாதிரி. காலை வண்டியில் ஏறினால் மத்தியானம் டாக்டரைப் பார்க்கலாம். எம்.ஆர்.ஐ. கிடையாது. எக்ஸ்ரேயில் எலும்பு மட்டும் தெரியும். டாக்டர் முட்டியை மடக்கித் திருகி, உள்ளங்கையில் கிளிக் சத்தத்தை உணர்ந்து, "குருத்து கிழிஞ்சிருக்கு, எடுத்துடலாம்" என்றார். குருத்தைப் பொறுத்தவரை கையால் கண்டுபிடித்தது சரி. முட்டியைத் திறந்தார்கள், உட்பக்கக் குருத்தை முழுவதுமாக எடுத்தார்கள், தைத்தார்கள். தொடையிலிருந்து கணுக்கால்வரை ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது கால் முருங்கைக்காய்போல் இருந்தது என்று சித்தி சொல்வார்.

அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கற்ற மருத்துவம் அப்படி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் மருத்துவர் ஜான் பிளாண்ட்-சட்டன், இந்தப் பிறைக் குருத்துகள் பயனற்றுப்போன பழைய தசையின் மிச்சம் என்று எழுதிவைத்தார். பயனற்றது என்றால் எடுத்தெறிவதில் என்ன தயக்கம்? 1948-இல் ஃபேர்பேங்க் என்ற இங்கிலாந்து மருத்துவர், குருத்து எடுத்தவர்களின் எக்ஸ்ரேக்களை வரிசையாகப் பார்த்து, அந்த மூட்டுகளில் தேய்மானம் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். கால் நீண்டிருக்கும்போது முட்டி தாங்கும் சுமையில் சுமார் பாதியை அந்த மெல்லிய குருத்துதான் ஏந்துகிறது என்பது பிறகு தெளிவானது. ஆனால் அறிந்தது மருத்துவமனை மேசைக்கு வந்துசேர முப்பது நாற்பது வருடம் பிடித்தது. அந்த இடைவெளியில் அகப்பட்ட முட்டிகளில் சித்தப்பாவுடையதும் ஒன்று. 45 வயதில் அவர் இடது கால் வில்லாக வளையத் தொடங்கியது.

கிழிந்ததை மட்டும் சரிசெய்ய வேண்டுமானால் முதலில் உள்ளே பார்க்க வேண்டும். அதற்கான வழி வேறொரு நோயைத் தேடிப் போனபோது திறந்தது. அந்த நோய்க்கும் தாம்பரத்துக்கும் நெருங்கிய உறவு.

காசநோய்தான் அது. நுரையீரலைப் போலவே மூட்டையும் பிடிக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய ஜப்பானில் முட்டியில் காசநோய் வந்தால் மூட்டு இறுகி நீட்டிய கம்பாகிவிடும். நம்மைப்போல் தரையில் உட்கார்ந்து உண்டு, உறங்கி, விருந்தோம்பும் சமூகம் அது. முட்டி மடங்காதவருக்கு வீட்டுக்குள்ளேயே இடம் இல்லாமல் போயிற்று. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்ஜி தகாகி, நோயை முளையிலேயே பார்த்துவிடத் துடித்தார். 1918-இல் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாயை ஒரு சடலத்தின் முட்டிக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் முதலில் செய்த கருவி 7.3 மில்லிமீட்டர் தடிமன். முட்டிக்குள் அது உலக்கை. 1931-இல் 3.5 மில்லிமீட்டராகக் குறைத்தார்.

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்ரயில் ஓடத் தொடங்கிய வருடமும் அதுவே. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1928-இல், டேவிட் சவுரிமுத்து என்ற தமிழ் மருத்துவர் தாம்பரத்துக்கு வெளியே மரங்கள் அடர்ந்த இடத்தில் காசநோய்க்குச் சானடோரியம் தொடங்கியிருந்தார். பின்னாளில் அரசு எடுத்து நடத்திய அந்த மருத்துவமனையின் பெயர்தான் இன்றைக்கும் ரயில் நிலையத்தின் பெயர். சுத்தமான காற்றும் ஓய்வும் தவிர அந்த நோய்க்கு அன்று பெரிய மருந்து எதுவும் இல்லை. ஒரே நோயை எதிர்த்து இங்கே ஒருவர் காற்றை நம்பினார். டோக்கியோவில் ஒருவர் குழாயை நம்பினார். காசநோய்க்கு மருந்து வந்தபின் அந்தக் குழாய்க்கு வேறு வேலை கிடைத்தது.

வேலை கொடுத்தவர் தகாகியின் மாணவர் மசாகி வதனபே. 1950-களின் இறுதியில் அவர் உருவாக்கிய 21-ஆம் எண் கருவிதான் உலகம் முழுக்கப் போனது. 1962 மே 4 அன்று, கூடைப்பந்து ஆடி முட்டியைத் திருகிக்கொண்ட 17 வயதுப் பையன் ஒருவனுக்கு, கிழிந்த குருத்துத் துண்டைக் குழாய் வழியே எடுத்தார். ஆறு வாரத்தில் பையன் மறுபடி கூடைப்பந்து ஆடினான். 1964-இல் கனடாக்காரரான ராபர்ட் ஜாக்சன் டோக்கியோவுக்கு வந்து வதனபேயிடம் கற்றுப்போய் வட அமெரிக்காவில் பரப்பினார். அப்போதெல்லாம் டாக்டர் குழாயில் கண்ணை வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். ஒருவர் மட்டுமே பார்க்க முடியும். 1970-களின் பின்பகுதியில் குழாயின் முனையில் கேமரா பொருத்தித் திரையில் காட்டியபோதுதான் டாக்டரின் முதுகு நிமிர்ந்தது, உதவியாளருக்கும் நர்சுக்கும் உள்ளே நடப்பது தெரிந்தது. கற்பிப்பது எளிதானது. நம் நகரங்களின் பெரிய மருத்துவமனைகளிலிருந்து அது குரோம்பேட்டை, தாம்பரம்வரை இறங்கிவந்ததும் அப்படித்தான்.

சித்தப்பாவின் மகளுக்கு, என் தங்கைக்கு, அடிபட்டது 2023 ஆகஸ்டில். கல்லூரி அணியில் ஆடினாள். செம்மண் போய் மேட் வந்துவிட்டது, காலில் ஷூ. மேட் வழுக்காது, ஷூவும் வழுக்காது. உடம்பு திரும்பினாலும் பாதம் பிடித்து நிற்கும். தாவிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கினாள், முட்டி உள்பக்கம் சாய்ந்தது. ஒரே வகை விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு அறுவது சில மடங்கு அதிகம். இடுப்பு அகலம், தசைகளின் வலுவில் உள்ள வேறுபாடு, குதித்து இறங்கும் விதம் என்று பல காரணம் சொல்கிறார்கள். இறங்கும் விதத்தைப் பழக்கினால் ஆபத்து வெகுவாகக் குறையும். நம் பள்ளி, கல்லூரிப் பெண்கள் அணிகளில் எத்தனை பேருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

நான்காம் நாள் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. முடிந்தது. வீட்டிலிருந்து ஆட்டோவில் பதினைந்து நிமிடம். திரையில் டாக்டர் காட்டினார்: அறுந்த கயிறு, புரண்டுபோன குருத்து.

"ஆபரேஷன் கட்டாயமா டாக்டர்?" என்றேன்.

"இவங்க ஆடாம, ஆபீஸ் போய் வந்தா போதும்னா, கயிறு அறுந்ததுக்கு மட்டும் நான் உடனே கத்தி வைக்க மாட்டேன். உடற்பயிற்சி கொடுத்துப் பாப்பேன். ஆனா குருத்து மடிஞ்சு பூட்டிக்கிட்டிருக்கு. அத லேட் பண்ணா தைக்க முடியாமப் போயிடும்" என்றார்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. சுவீடனில் 121 இளம் விளையாட்டுக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஜவ்வு அறுவை சிகிச்சையும், மறுபாதிக்கு முதலில் பயிற்சியும் தேவைப்பட்டால் மட்டும் அறுவையும் என்று பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டாம் பாதியில் பெரும்பான்மையோர் இரண்டு வருடத்தில் அறுவைக்கே வரவில்லை; முடிவில் இரு பாதியினரின் முட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இதை முதல் சந்திப்பிலேயே நோயாளியிடம் சொல்லும் டாக்டரை நம்பலாம் என்பது என் எண்ணம்.

அறுவை சிகிச்சையின் பதிவைப் பிறகு பென் டிரைவில் கொடுத்தார்கள். வீட்டில் டி.வி.யில் போட்டுப் பார்த்தோம். சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார்.

முட்டிக்குள் உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதுதான் மூட்டை விரித்து வைக்கிறது, ரத்தத்தைக் கழுவி வழியைத் தெளிவாக்குகிறது. ஒரு துளை வழியே நான்கு மில்லிமீட்டர் குழாய். அதன் கண்ணாடி 30 டிகிரி சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், குழாயைச் சுழற்றினாலே மூலை முடுக்கெல்லாம் தெரிகிறது. மறு துளை வழியே கருவி. தொடை எலும்பின் முனை இளநீர் வழுக்கைபோல் வெளுத்து மினுங்குகிறது. அதனடியில் பிறைக் குருத்து, வாளியின் கைப்பிடி மாதிரி கிழிந்து நடுவே வந்து கிடக்கிறது. சின்னக் கொக்கியால் அதைத் தள்ளுகிறார். தன் இடத்தில் போய் உட்கார்கிறது. விளிம்பைச் சுரண்டி ரத்தம் கசிய வைக்கிறார். ரத்தம் வந்தால்தான் ஒட்டும். பிறகு நூல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"தைக்கிறாங்களா?" என்று கேட்டார் சித்தப்பா.

"ஆமா சித்தப்பா."

"எனக்கு எடுத்துட்டாங்களே அது?"

"அதேதான்."

அவர் ஒன்றும் பேசவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுந்த கயிற்றைத் தைத்து ஒட்ட வைப்பதில்லை, புதிதாகக் கட்டுகிறார்கள். தொடையின் பின்புறத்துத் தசைநாண் ஒன்றிரண்டை அந்த ஓர் அங்குலக் கீறல் வழியே எடுத்து, மடித்து, தைத்து, விரற்கடைக்கும் குறைந்த தடிமனில் முறுக்குக் கயிறாக்குகிறார்கள். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் சுரங்கம் துளைத்து, கயிற்றை உள்ளே இழுக்கிறார்கள். மேல்முனையில் ஒரு டைட்டானியப் பொத்தான். சட்டைப் பொத்தான் காதுக்குள் நுழைந்ததும் திரும்பிக்கொள்கிற மாதிரி, எலும்பின் மறுபக்கம் போய்க் குறுக்காக நின்றுகொள்கிறது. கீழ்முனையில் திருகாணி. ஒன்றரை மணி நேரம். மறுநாள் முட்டிக்குப் பிரேஸ் போட்டு, வாக்கர் பிடித்து நடந்தாள். மூன்றாம் நாள் வீடு.

"மூணு நாள்ல வீடு" என்பதை எல்லோரும் பேசினார்கள். அதற்குப் பிறகான பத்து மாதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

துளை சிறியது என்பதால் உள்ளே நடந்த வேலையும் சிறியது என்று நினைத்துவிடுகிறோம். எலும்பைத் துளைத்திருக்கிறார்கள். உள்ளே வைத்த தசைநாணில் முதல் சில வாரம் உயிரோட்டமே இல்லை. மெல்ல ரத்தக் குழாய் புகுந்து, ஜவ்வாக மாற மாதங்கள் ஆகும். நடுவில் ஒரு கட்டத்தில் அது வைத்த நாளைவிடப் பலவீனமாக இருக்கும். அந்தக் கட்டத்தில்தான் வலி இருக்காது, நடை சரியாகியிருக்கும், ஆட்டக்காரருக்குக் கால் குறுகுறுக்கும்.

சேலையூரில் மருந்துக்கடை மாடியில் பிசியோ கிளினிக். முதல் வாரப் பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை: சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, காலை நீட்டி, முட்டியால் துண்டை அழுத்த வேண்டும். பத்து எண்ணும்வரை. தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவாள். தொடைத் தசை அசையவே அசையாது. மூளை அனுப்பும் கட்டளையைத் தசை மறந்துவிட்டிருக்கும் என்றார் பிசியோ. தொடையில் தையல்கார டேப் வைத்து அளப்பார். வலது காலைவிட இடது கால் நான்கு சென்டிமீட்டர் குறைவு. அந்த நான்கு சென்டிமீட்டரை மீட்கத்தான் அத்தனை மாதம்.

மூன்றாம் மாதம் அவள் நிறுத்தப் பார்த்தாள். "வலியே இல்லண்ணா, எதுக்கு மாடி ஏறி இறங்கணும்?" என்றாள். ஒவ்வொரு முறைக்கும் 500 ரூபாய். வாரத்துக்கு நான்கு முறை. காப்பீடு அறுவைக்குப் பணம் கொடுத்தது, பிசியோவுக்குக் கொடுக்கவில்லை. வீட்டில் யோசித்தார்கள். அவளைத் திரும்ப அனுப்பியவர் சித்தப்பா. "நான் அன்னிக்குக் கட்டு பிரிச்சவுடனே தோல் ஷாப்புக்குப் போனவன். என் காலப் பாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நார்வேயில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதை எண்ணிக்கையில் சொல்கிறது. ஜவ்வு அறுவைக்குப் பின் ஒன்பது மாதம்வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி முட்டியில் அடிபடும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. தங்கை பத்தாம் மாதம் ஒற்றைக் காலில் தாவும் சோதனையில் வலது காலின் தூரத்தில் தொண்ணூறு விழுக்காட்டைத் தாண்டினாள். அதன்பிறகே மேட்டில் இறங்கினாள்.

இதே துளை சிகிச்சை தோளுக்கும் உண்டு. அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பால் பாக்கெட் போடும் தம்பிக்கு, முடிச்சூர் சாலையில் பைக் சறுக்கி வலது தோள் இறங்கிவிட்டது. இழுத்து ஏற்றினார்கள். அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுத்து ஏற்றும் அந்த முறை ஹிப்போகிரேட்டஸ் காலத்து எழுத்திலேயே இருக்கிறது. நம் கட்டு வைத்தியர்களுக்கும் கைவந்த கலை. ஆனால் இருபது வயதில் முதல் முறை இறங்கிய தோள் பெரும்பாலும் அதோடு நிற்காது. இந்தத் தம்பிக்குத் தூக்கத்தில் இறங்கியது. ரயிலில் மேல் கம்பியைப் பிடித்தபோது இறங்கியது. ஏழாவது முறை பால் டிரேயைத் தூக்கும்போது.

காரணம், குழியின் விளிம்பில் உள்ள குருத்து வளையம் பிய்ந்துபோயிருப்பது. 1923-இல் லண்டன் மருத்துவர் பேங்கார்ட் இதைக் கண்டு எழுதினார். ஆனால் நெடுங்காலம், தோளை முன்பக்கமாகத் திறந்து தசையைச் சுருக்கி இறுக்கித் தைப்பதே பல இடங்களில் நடந்தது. தோள் இறங்காது, கையை வெளிப்பக்கம் திருப்பவும் முடியாது. பந்து வீசுபவர், சுமை தூக்குபவர் பாடு திண்டாட்டம். இப்போது மூன்று துளை. குழி விளிம்பில் நெல்மணி அளவு ஆணிகள், அவற்றின் காதில் கோத்த நூல், பிய்ந்த வளையத்தை அதே இடத்தில் இழுத்துக் கட்டுகிறார்கள். அந்தத் தம்பிக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. 2012-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தோளுக்கு இப்படி ஒரு வைத்தியம் பால் போடும் பிள்ளைக்கும் கிடைக்கிறது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தோளில் இன்னொன்று உண்டு. சர்க்கரை உள்ள நடுத்தர வயதினருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தோள் மெல்ல மெல்ல இறுகும். தலை பின்ன முடியாது, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது. இது கிழிசல் அல்ல. மூட்டின் உறை தடித்துச் சுருங்குவது. பெரும்பாலோருக்குப் பயிற்சியாலும் ஊசியாலும் காலத்தாலும் சரியாகிவிடும். துளை போட வேண்டியவர் வெகு சிலரே.

அன்றைக்கு நமக்கு இருந்த கேடு, சிகிச்சை கிடைக்காதது. இன்றைக்கு இருக்கும் கேடு, வேண்டாதவருக்கும் சிகிச்சை கிடைப்பது. பெருங்களத்தூரில் எங்கள் உறவுக்கார அத்தை ஒருவருக்கு 62 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்திருக்கிறது. ஒரு மருத்துவமனையில், "சின்ன ஓட்டை போட்டு உள்ள கழுவி விட்டுடலாம், மூட்டு மாத்தறத பத்து வருஷம் தள்ளிப்போடலாம்" என்றிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் 'குருத்து கிழிசல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து அத்தையும் சம்மதித்துவிட்டார். அந்த வயதில் வலியே இல்லாத முட்டியை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பலருக்குக் கிழிசல் தெரியும். தலை நரைப்பதைப் போலத்தான் அதுவும். நாற்பதாயிரம் ரூபாய் போனது. நான்கு மாதத்தில் வலி பழையபடி வந்தது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹூஸ்டனில் மோஸ்லி என்ற மருத்துவர் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை மூன்று குழுவாக்கினார். ஒரு குழுவுக்கு முட்டியைக் கழுவினார். ஒரு குழுவுக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார். மூன்றாம் குழுவுக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்து, உள்ளே ஒன்றும் செய்யாமல் அனுப்பினார். இரண்டு வருடம் கழித்தும் மூன்று குழுவுக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. முடிவு வெளியானது 2002-இல். பின்லாந்தில் வயதோடு கிழிந்த குருத்து உள்ள 146 பேரிடம் இதேபோல் பார்த்து 2013-இல் அதே முடிவைச் சொன்னார்கள். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் கூட்டிய நிபுணர் குழு, தேய்ந்த முட்டிக்கு இந்தத் துளை சிகிச்சை வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது. இத்தனைக்குப் பிறகும் 'கழுவி விடலாம்' என்று சொல்லிப் பணம் வாங்குவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

விளையாட்டு வீரர்களின் செய்தியும் ஆசையைத் தூண்டுகிறது. 2021 ஏப்ரல் 27 அன்று கிரிக்கெட் வீரர் சேலம் நடராஜனுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை. 2023 மே இறுதியில் சென்னை அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த தோனி, ஜூன் 1 அன்று மும்பையில் முட்டி அறுவை செய்துகொண்டு அடுத்த சீசனில் மட்டை பிடித்தார். அதைப் பார்த்துவிட்டு, மேடவாக்கம் டர்ஃபில் சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஃபுட்பால் ஆடும் ஐ.டி. தம்பிகள் "ஆறு மாசத்துல ஆடலாமா சார்?" என்று கேட்கிறார்கள் என்றார் பிசியோ. ஒரு பெரிய ஆட்டக்காரருடன் நாள் முழுக்க ஒரு பிசியோ, ஒரு பயிற்சியாளர், தனி ஜிம் கூடவே நடக்கும். நம் பிள்ளைகளுக்கு மருந்துக்கடை மாடி இருக்கிறது, அதுவும் கட்டணத்துக்கு.

2025-இல் தாம்பரம் சானடோரியத்தில் செங்கல்பட்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் பெரிய கட்டடம் திறந்தார்கள். சவுரிமுத்து காசநோய்க்காக வந்து நின்ற அதே பக்கம். இனி எலும்பு முறிந்தவரோ முட்டி திருகியவரோ ரயில் பிடித்து நகரத்துக்குப் போக வேண்டிய அவசியம் குறையும். அரசிடம் கேட்க ஒன்று உண்டு: 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருகிறார். முடங்கிய முதியவர்களுக்கு அது பெரிய வரம். காப்பீட்டில் ஜவ்வு அறுவை செய்துகொண்ட தொழிலாளிக்கும், கல்லூரிப் பெண்ணுக்கும் ஒன்பது மாதம் பயிற்சி கிடைக்க அதே திட்டத்திலோ தாலுகா மருத்துவமனையிலோ ஏற்பாடு செய்ய வேண்டும். அறுவைக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் பயிற்சிக்குக் கொடுக்காவிட்டால், கொடுத்த லட்சமும் பாதி வீண்.

படிக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். விளையாட்டிலோ வண்டியிலோ முட்டி திருகி, 'டப்' கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், நீவ வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஐஸ் வையுங்கள், ஒரு வாரத்துக்குள் எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் போனால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். ஐம்பதைத் தாண்டிய தேய்ந்த முட்டிக்குத் துளை போடலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சித்தப்பாவுக்குப் போன வருடம் இடது முட்டியை மாற்றினார்கள். பழைய தழும்பை ஒட்டியே புதிய கீறல். மறுவாரம் கட்டிலில் உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு அழுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து பத்துவரை எண்ணியவள் மகள்.